செத்னிக் எழுதாத கடிதம்

முதல் உலக யுத்தத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போன என் அண்ணன், கிரேக்க நாட்டுச் சலோனிக்கா மலைகளிலிருந்து திரும்பியபோது வலது பாதத்தில் விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது. பனியிலிருந்து அவனைத் தோண்டியெடுத்துச் சுமந்து வந்தவன் ஒரு செர்பியன். காட்டில் ஒளிந்திருந்து எதிரிகளை அடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். தன்னைச் செத்னிக் என்பானாம்.

வடசேரிச் சந்தையில் அண்ணன் இதைச் சொல்லப்போக, “செத்தவன் வந்து தூக்கினானாக்கும்” என்று சிரித்தார்கள்.

என்னிடம் வந்து குமுறினான். “செத்தவன் இல்லட்டி. அவனுக்க பாஷையில செதான்னா கூட்டம். சேர்ந்து சண்டைக்குப் போற கூட்டம். அதுல உள்ளவன் செத்னிக். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டான். பாதி ரொட்டியப் பிச்சுத் தந்தான்.”

பிரியும்போது செர்பியன் தன் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். அண்ணன் பத்து வருஷம் அதைத் துணிப்பையில் வைத்திருந்தான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியான பிறகுதான் கடிதம் எழுதச் சொன்னான். இங்கிலீஷில் எழுதி, விலாசத்தை அப்படியே பார்த்து வரைந்து அனுப்பினேன்.

அடுத்த வருஷம் பதில் வந்தது. ஒரே பக்கம். ஓர் எழுத்துகூட எங்களுக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரப் பாதிரியார் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். “சில எழுத்து கிரேக்கம்போல இருக்கு. அர்த்தம் தெரியாது” என்றார். திருவனந்தபுரம் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் கையை விரித்தார்கள்.

திரும்பி வந்த அன்று பழைய தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை எழுதியதில்லை. கடிதத்தில் இருந்தது சின்ன, நடுங்கிய எழுத்து. தாயோ மனைவியோ எழுதியிருக்கலாம். அவன் உயிரோடு இருந்தால் அவனே எழுதியிருப்பானே. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

முப்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம், விரல் போன பாதத்தில் புண் வந்து அழுகி, அண்ணன் காய்ச்சலில் கிடந்தான். கடிதத்தை எடுத்துவரச் சொன்னான்.

“வாசிட்டி.”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணா?”

“சும்மா வாசி. சுகமா இருக்கேன்னு எழுதியிருப்பான்.”

தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யாக ஒரு வரி சொன்னால் போதும். வாய் வரவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனான்.