நக்கோ என்றவருக்குத் தண்ணீர்

இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "போதுமாங்க?" என்று கேட்டேன். "நக்கோ" என்றார் என் கணவர். சாம்பார் கொண்டுவரவா என்றேன். அதற்கும் "நக்கோ".

சனத்நகர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் நின்றே ஆயுசைக் கழித்தவர் அவர். கூட வேலை பார்த்தவர்களின் தக்கிணி உருதுவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் திருநெல்வேலித் தமிழுக்கு நடுவே கேலியாக அதைச் சொல்வது அவர் வழக்கம். அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு நழுவிக் கீழே விழுந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். கால் மெல்லத் தேறியது. பேச்சு தேறவில்லை. அஃபேசியா (மனதில் இருப்பது சொல்லாக வெளிவராத நிலை) என்றார்கள்.

மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பெயர் கேட்டால் நக்கோ. கச்சிபௌலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வந்து, "டாடி, நான் யாரு, செப்பு" என்று பாதித் தெலுங்கில் கேட்டாலும் நக்கோ. குடும்ப ஜெபத்தின் முடிவில் நாங்கள் ஆமென் சொல்ல, அவர் நக்கோ என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஆண்டவரும் சிரித்திருப்பார்.

தண்ணீர்தான் பெரிய பாடாக இருந்தது. டிஸ்ஃபேஜியா (விழுங்கும் தசைகள் தளர்ந்து, குடிப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம்) இருந்ததால், தண்ணீரில் ஒரு பவுடரைக் கலக்கிக் கஞ்சி மாதிரி ஆக்க வேண்டும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை குனிந்து நாடியைத் தாழ்த்தச் சொல்லி, ஒரு கரண்டி கொடுத்து, அது இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த கரண்டி. இதைப் படிக்கிற நீங்களும் கையில் கரண்டியோடு இருந்தால், ஒரு டம்ளர் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் ஆஸ்பத்திரி ஊழியம் என் பொறுப்பு. ஊழியம் என்கிற சொல்லை வேதாகமப் பையோடு வாசலைத் தாண்டும்போதுதான் எடுப்போம். வாசலுக்கு உள்ளே செய்வதெல்லாம் வெறும் வேலை. அதனால், "ஆண்டவரே, இந்த வேலையிலிருந்து சீக்கிரம் விடுவித்து, உம் ஊழியத்துக்கு என்னை அனுப்பும்" என்று தினமும் ஜெபித்தேன். வெட்கமில்லாமல் கண்ணீரோடு ஜெபித்தேன்.

ஜெபத்துக்குப் பதில் வருவதற்குள் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கிளம்பும் அவசரத்தில், "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்பேன். "நக்கோ" என்பார். அவருக்கே வேண்டாமாம், நான் என்ன செய்ய என்று பையை எடுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து துணைக்கு உட்காருவார். அவரும் கேட்பார். அவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.

ஒருநாள் ஊழியம் முடிந்து திரும்பினால், அவர் கண் செருகிக் கிடந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி.

"உடம்பில் தண்ணீரே இல்லையேம்மா. சிறுநீரில் கிருமியும் சேர்ந்திருக்கிறது" என்றார் டாக்டர்.

மகள் என்னைப் பார்த்தாள். "தண்ணி குடுக்கலையா மம்மி?"

"கேட்டேன். டாடிதான் வேண்டாம்னார்."

"மம்மி, டாடிகிட்ட வேற வார்த்தை இருக்கா?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஊரிடம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சொல்தான் வரும் என்று தெரிந்தேதான் கேட்டேன். அதே ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு அம்மாளுக்கு டம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனவள் நான். என் கணவர் கட்டிலருகே உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வந்து, என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர் பிழைத்துவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இந்தியில் சொன்னது இது: "வார்த்தையை விடுங்க ஆன்ட்டி. உதடு என்ன செய்யுது, கண்ணு எங்க போகுது, பாருங்க. கேட்டுட்டு எழுந்து போகாதீங்க. கரண்டியைக் கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க."

கொண்டுபோனேன். நக்கோ என்றபடியே வாயைத் திறந்தார். நான் வெளியே ஓடிய நாட்களிலும் அந்த வாய் இப்படித்தான் திறந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

ஐக்கியத்திலிருந்து போன் செய்து, "ஊழியத்துக்கு எப்ப வருவீங்க அக்கா?" என்று கேட்கிறார்கள். "அதுலதாம்மா இருக்கேன்" என்கிறேன். அப்படிச் சொல்லிவிடுவதால் மனசு லேசாகிவிடவில்லை. தாகத்தோடிருக்கிற எளியவர் உருவில் கிறிஸ்து வருவார் என்று மேடையில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். என் வீட்டுக் கட்டிலில் அவர் நக்கோ என்று சொல்லிக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைக்கவே இல்லை.

இப்போது காலை, மதியம் என்று எனக்குத் தனியாக இல்லை. ஒரு டம்ளர் முடிந்தது, அடுத்தது இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் விழுங்கும்போது என் தொண்டையும் சேர்ந்து விழுங்குகிறது. எனக்கே தாகம் எடுத்தால் உடனே தெரிவதில்லை.

போன வாரம் கரண்டியை அவரே இடது கையில் வாங்கிக்கொண்டார். தானே குடிக்கப் பழகுகிறார் என்று மகிழ்ந்தேன். அதை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"எனக்கு நக்கோங்க. நீங்க குடிங்க."

அவர் என் சொல்லைக் கேட்டுக்கொள்ளவில்லை. காய்ந்திருந்த என் உதட்டையே பார்த்தபடி, நான் வாயைத் திறக்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.