நூற்றுக்கு நூறு வாங்கிய ஆளின் ஏழு நாள்

அந்தப் பரீட்சையில் நான் நூற்றுக்கு நூறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போகும் பந்திகளில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், மல்வேர்ன் பகுதியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் நான் சம்பளத்துக்குப் படிப்பிக்கிறவன். சம்பளத்துக்குப் படிப்பிக்கிற எல்லோரும் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஒரு பயிற்சி எடுக்கவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. கணினியில்தான். ஒரு கையில் தேத்தண்ணி, மறுகையில் மவுஸ். ஒரு பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வீர்கள்? பெற்றோரிடமா, மேலதிகாரியிடமா, அல்லது சிறுவர் பாதுகாப்புப் பணிமனைக்கு நீங்களே, உடனேயா? கடைசி விடையை யோசிக்காமலே அமத்தினேன். பச்சை எழுத்தில் பாராட்டு வந்தது: இந்தக் கடமையை வேறொருவர் தலையில் கட்ட முடியாது, மேலதிகாரியிடம் சொன்னாலும் தீராது, நிரூபிப்பது உங்கள் வேலையல்ல, நியாயமான சந்தேகமே போதும்.

சான்றிதழை அச்சடித்து, லமினேற் பண்ணி, வகுப்புச் சுவரில் மாட்டினேன். “லைசென்ஸ் எடுத்தவையெல்லாம் கார் ஓடுகினமோ?” என்று மனைவி கேட்டாள். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. வெக்ஸ்போர்ட்டில் உள்ள வீட்டிலிருந்து வகுப்புக்கு இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறேன்.

அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழேதான் என் மாணவி ஒருத்தி இருந்தாள். எட்டு வயது. பேச்சுப் போட்டிக்கு அவளுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். தலைப்பு ‘தமிழரின் விருந்தோம்பல்’. அவள் வீட்டு வாசலுக்கு வரும் விருந்தாளி பெரும்பாலும் பீட்சா கொண்டுவருகிறவர். அவள்தான் “வந்தாரை வாழவைத்த இனம்” என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்லவேண்டும். கை விரிக்கிற இடத்தைக்கூட நான் சிவப்பு மையால் குறித்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளை ஏற்ற வந்த தகப்பனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “பிள்ளை மூண்டாம் பக்கத்திலையே நிக்கிறா. வீட்டிலை கொஞ்சம் இறுக்குங்கோ.”

இறுக்குங்கோ! எங்கள் ஆட்களில் வாத்தியாரும் தகப்பனும் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காலம் காலமாகக் குடும்பம் நடத்துகிறோம்.

அடுத்த சனி நல்ல வெக்கை. அவள் முழுக்கைச் சட்டையோடு வந்திருந்தாள். பலகையில் எழுதக் கூப்பிட்டேன். வலதுகை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இடதுகையால் அதைத் தாங்கிப் பிடித்தாள். சட்டைக்கை மேலே போனது. உள்ளே கன்றிப்போன ஒரு பட்டை. பெல்ட்டின் அகலம் எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் எனக்கும் அனுபவம் உண்டு.

“விழுந்திட்டன் சேர்,” என்றாள், நான் கேட்க முன்னமே. பிறகு மெல்லமாக, “ஸ்பீச் மறந்திட்டுது. அப்பா வெரி மேட். டோன்ற் ரெல் ஹிம், ஓகே?”

“ஓம் பிள்ளை, சொல்லமாட்டன்.”

பிள்ளைக்கு அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பரீட்சையில் வந்ததுதான். அதற்கும் சரியாகத்தான் அமத்தியிருந்தேன்.

வகுப்புகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். எல்லோருக்கும் அண்ணை. இடைவேளையில் அவரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். “இதை என்னட்டைச் சொல்லீட்டீர் தானே மாஸ்டர். இனி விடும். நான் பாக்கிறன்.”

என்ன நிம்மதி! போய் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அந்த ருசியைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணை சொன்னபடியே பார்த்தார். தகப்பனுக்கு ரெலிபோன் எடுத்தார். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கோயில் நிர்வாகம். “மாஸ்டர் பிள்ளையின்ரை கையிலை ஏதோ கண்டவராம், கொஞ்சம் பாத்து நடவும்” என்றாராம். பாத்து! அடிக்காதே என்றல்ல, வெளியே தெரியாமல் அடி என்று.

அதற்கடுத்த சனி ஒத்திகை. தகப்பன் ஒரு பெட்டி பற்றீஸ் பலகாரத்தோடு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எங்கடை விசயத்தை என்னட்டையே சொல்லியிருக்கலாமே சேர். நாங்கள் என்ன பிறத்தி ஆக்களே?”

அவள் மேடையில் ஏறினாள். நான்கு பக்கமும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. கண் மட்டும் கதவடியில் நின்ற தகப்பனை விட்டு அசையவில்லை. “வந்தாரை வாழவைத்த இனம்” என்ற இடத்தில் இடதுகை விரிந்தது. வலதுகை அப்படியே தொங்கியது. நிர்வாகக் குழு எழும்பி நின்று கைதட்டியது. அண்ணை என் காதருகே குனிந்தார். “பாத்தீரே? பிரச்சினை முடிஞ்சுது.”

கீழே இறங்கி வந்தவள் என்னைக் கடக்கும்போது, “யூ ப்ரொமிஸ்ட், சேர்,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

நடைபாதையில் அண்ணையை மறித்தேன். “நான் இப்ப பணிமனைக்கு ரெலிபோன் எடுக்கப்போறன்.”

“விசரே உமக்கு? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்!”

“அண்ணை, அதை முடிவெடுக்கிறது நானுமில்லை, நீங்களுமில்லை.”

“போட்டி முடியட்டும். ஒரு கூட்டம் வைச்சுக் கதைப்பம்.”

கூட்டம்! பிள்ளையின் கையை நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவதாகப் போடுவார்கள்? வரவேற்புரைக்குப் பிறகா, தேநீருக்கு முன்னமா?

குழுவில் இன்னொருவர் இடையில் புகுந்தார். “நாங்களெல்லாம் அடிவாங்கி வளந்த ஆக்கள்தானே மாஸ்டர். என்ன குறைஞ்சு போனம்?”

“என்னைப் பாருங்கோ,” என்றேன். “ஒரு ரெலிபோன் எடுக்க ஒரு கிழமை செல்லுது. இது குறைவில்லையோ?”

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் நின்று இலக்கத்தை அழுத்தினேன். மறுமுனையில் ஒரு பெண், அமைதியான குரல். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்னுடைய பஸ் இரண்டு போய்விட்டது. முதலில் எப்போது கண்டீர்கள் என்று கேட்டாள். போன சனிக்கிழமை என்றேன். தட்டச்சுச் சத்தம் நின்றது. வேறு யாருக்கும் சொன்னீர்களா? பொறுப்பாளருக்கு. தகப்பனுக்குத் தெரியுமா? தெரியும். எப்படி? கலியாண வீடுகளில் ஒலிவாங்கியைப் பறித்தால்தான் பேச்சை நிறுத்துகிற எனக்கு, அண்ணைக்கு நான் சொன்னதையும் தகப்பனுக்கு அண்ணை சொன்னதையும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடிக்க மூன்றாவது பஸ்ஸும் போய்விட்டது.

அந்தப் பெண் திட்டவில்லை. “உடனே என்றால் உடனே,” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். படிப்பிக்கிறவர்கள் சொல்லாமல் விடுவது குற்றம் என்பதையும், பரீட்சை எழுதாத ஒருவருக்கு விளங்கப்படுத்துவதுபோல, ஆறுதலாகச் சொன்னாள். அன்று பின்னேரமே ஆட்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். பிள்ளை தாயோடும் தகப்பனோடும் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது மட்டும் ஊர்க்கதையில் வந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. போட்டிக்கு அவள் வரவில்லை.

எங்கள் நிர்வாகம் பாடம் படித்ததா? படித்தது. செப்டெம்பரில் வகுப்பு தொடங்கியபோது ஒவ்வொரு ஆசிரியர் மேசையிலும் ஒரு தாள் இருந்தது. மாணவர் பற்றிய எந்த விடயமும் முதலில் பொறுப்பாளருக்கே அறிவிக்கப்படவேண்டும், அவர் அனுமதியின்றி வெளியே போகக்கூடாது, கீழே கையொப்பம் இடவும். சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ, அந்தக் கதவுக்கே பார்த்துப் பூட்டுப் போடுகிறார்கள்! சிவப்புப் பேனையால் அந்தத் தாளைக் குறுக்கே வெட்டி, நூற்றுக்குப் பூச்சியம் போட்டு, அண்ணையின் கையிலேயே கொடுத்தேன்.

“திமிர் கூடிப்போச்சு உமக்கு,” என்றார்.

“என்னை நல்லாய் இறுக்கி வளத்தவை அண்ணை, அதுதான்.”

சுவரில் இருந்த சான்றிதழையும் கழற்றினேன். பிந்தி வரும் பிள்ளைகளைப் பத்து நிமிடம் வாசலில் நிற்பாட்டி வைக்கிற ஆள் நான். ஏழு நாள் பிந்தியவனை எவ்வளவு நேரம் நிற்பாட்டுவது? கணக்கு வரவில்லை.

செப்டெம்பர் இரண்டாம் சனி, தாயோடு அவள் வந்தாள். அரைக்கைச் சட்டை. தன் பழைய இடத்தைத் தாண்டி, கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தாள். நான் வழக்கம்போல மெய்யெழுத்தில் தொடங்கி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை எழும்பியது. வலதுகை, காதுக்கு மேலே, நேராக.

“சேர், இடைவேளைக்கு மணி அடிச்சு அஞ்சு நிமிசம். யூ ஆர் லேற்.”

“ஓம் பிள்ளை,” என்றேன். “உண்மைதான்.”