அப்பா ஏற்றுக்கொண்ட அடி

பழைய இரும்புக் கிடங்கில் அவளைக் கல்லக்கா என்பார்கள். யார் என்ன ஏசினாலும் முகம் மாறாது. தகடு நசுக்கும் எந்திரத்தை ஓட்டுவது அவள் வேலை.

பதினேழு வயதில் அவள் ஒருவனைக் கொன்றிருக்கிறாள். வீட்டை எழுதித் தரச் சொல்லி அரிவாளோடு வந்த தாய்மாமன், தடுத்த அம்மாவின் வலக்கையில் மூன்று விரல்களைத் துண்டாக்கினான். மறுபடி ஓங்கியபோது, கதவோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். ஒரே அடி. சுவரெல்லாம் ரத்தம்.

வேலையிலிருந்து வந்த அப்பா, அவள் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். ரத்தத்தைத் தன் சட்டையில் பூசிக்கொண்டார். போலீசிடம், "நான்தாங்க அடிச்சேன்," என்றார். ஆறு வருடம் உள்ளே இருந்தார். அம்மா வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரல்களோடு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவளை ஆளாக்கினாள். அன்று நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததே இல்லை.

போன மாதம், உடன் வேலை செய்பவளின் சட்டைக்கை எந்திரத்தில் சிக்கியது. கல்லக்கா எந்திரத்தை நிறுத்தி அவளை இழுத்தெடுத்தாள். வேலை நின்ற ஆத்திரத்தில் சூப்பர்வைசர் இரும்புக் குழாயோடு பாய்ந்தான். முதல் அடி தோளில். இரண்டாவதில் இடது முன்கை எலும்பு சடக்கென்று ஒடிந்தது. கீழே விழுந்தவளின் வலக்கை துழாவிச் சுத்தியலைப் பிடித்தது. எழுந்து ஓங்கிவிட்டாள். அவன் மண்டை எட்டும் தூரத்தில் இருந்தது.

அடித்தால் அப்பாவின் ஆறு வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

சுத்தியலைத் தூர எறிந்தாள். தலையால் அவன் வயிற்றில் முட்டித் தள்ளி, நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தாள். அவன் கடித்தான், பிராண்டினான். மற்றவர்கள் வந்து அவன் கைகளைக் கட்டிய பிறகுதான் எழுந்தாள். போலீஸ் அவனைக் கொண்டுபோனது.

மாவுக்கட்டோடு ஊருக்குப் போனாள். வாசலில் காத்திருந்த அப்பா அம்மா இருவரிடமும் நடந்ததைச் சொன்னாள். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"திருப்பி அடிச்சியா?"

"இல்லப்பா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை தலைவார அவளுக்கு ஒரு கை போதவில்லை. அம்மாவின் விரல்களுக்கும் பின்ன வராது. அப்பாதான் சீப்பை எடுத்தார். முடியை மூன்றாகப் பிரிக்க அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள்.

"எனக்காக நீங்க உள்ள இருந்தீங்களேப்பா..."

"தலைய ஆட்டாத. கோணிக்கும்."

கோணலாகத்தான் வந்தது. மூன்று நாள் அதை அவள் யாரையும் அவிழ்க்கவிடவில்லை.