சொல்தாவின் வெள்ளிக்கிழமை மீன்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா ஃப்ரெடெரிக், பென்ஷனோடும் ஒரு பெட்டி நிறைய ஜிக்குகளோடும் சொந்தப் பேட்டையான உப்பளத்துக்குத் திரும்பியவர். ஜிக் என்பது ஈயத்தில் வார்த்த பொய் மீன். தூரமாக வீசி, அடிவரை இறங்கவிட்டு, தூண்டில் தடியை வெடுக்கு வெடுக்கென்று வெட்டி இழுத்து நரம்பைச் சுருட்டினால், அடிபட்ட மீன் என்று நம்பிப் பெரிய மீன் பாயும். பாய வேண்டும். நான்கு வருஷமாக எதுவும் பாயவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்ததும், "தவக்காலம் முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமையில நான் புடிக்கிற மீன்தான் நம்ம வூட்ல. மார்க்கெட்டு மீனு கெடையாது" என்று நேர்ந்துகொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் மனைவி அஞ்செல். வெள்ளியன்று கறி கூடாது என்பது ஏற்கெனவே இருக்கும் சட்டம். மிச்சம் ரசமும் அப்பளமும்தான்.

அந்த வருஷம் ரமலானும் அதே வாரத்தில் பிறந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் மஜீத், ஜும்மா முடிந்ததும் பழைய துறைமுகத்துக் கருங்கல் கரைக்கு வந்துவிடுவார். தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. கையில் தானே உருக்கி வார்த்த கோணல் ஜிக். அரை மணியில் ஒரு மீன் வந்துவிடும்.

"அண்ணே, நீங்க மீனு புடிக்கல, பரேடு நடத்துறீங்க. அடிபட்ட மீனு எங்கனா கால எண்ணிப் போவுமா?"

ஃப்ரெடெரிக் உண்மையிலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் தடியை வெட்டினார். "எதுக்கும் ஒழுங்கு வேணும் மஜீத்து."

"அத மீனுகிட்ட யாரும் சொல்லலியே."

இரண்டாம் வெள்ளி, மஜீத் மனமிரங்கித் தன் மீனையே கொடுத்தனுப்பினார். வாசலில் அஞ்செல் கேட்டது ஒரே கேள்வி: "யாரு புடிச்சது?" தவக்காலத்தில் பொய் சொல்ல முடியாது. அஞ்செல் அதைக் குழம்பு வைத்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு மஜீத் வீட்டுக்கே அனுப்பிவிட்டு ரசம் சாப்பிட்டாள். மூன்றாம் வெள்ளியும் அதே கதை.

"கொழம்புல ஒயின் ஊத்தலியேன்னு ஜரினா கேக்கச் சொன்னா" என்றார் மஜீத், மனைவியின் சார்பில். "மத்தபடி நல்லா இருந்துச்சாம்."

நான்காம் வெள்ளி காலையில் அஞ்செல் துணிகளைப் பையில் அடுக்கினாள். "இன்னிக்கும் ரசம்னா பிள்ளைச்சாவடிக்கு அக்கா வூட்டுக்குப் போயிடுவேன். ஈஸ்டருக்கு வரேன்."

சாயங்காலம் ஃப்ரெடெரிக்கின் புத்தி எண்ணிக்கையில் நிற்கவில்லை. பாதி பசி, பாதி அந்தப் பை. ஒன்றுக்குப் பிறகு மூன்று வந்தது, மூன்றுக்குப் பிறகு எண்ணவே மறந்துபோனது. தடி வளைந்தது.

வந்தது ஒரு பாறை மீன் குஞ்சு. ஜிக்கைவிட ஒரு விரல் அகலம்தான் கூடுதல் நீளம்.

மஜீத் குனிந்து பார்த்தார். "இதுல எது மீனுன்னு சொல்லிடுங்கண்ணே."

வீட்டில் அஞ்செல் கேட்டாள்: "யாரு புடிச்சது?"

"நான்."

"தெரியுது. மஜீத் பாயா இருந்தா கடல்லயே வுட்டிருப்பாரு."

வறுத்து, இரண்டாக வெட்டி, வால் பக்கத்தை அவருக்கு வைத்தாள். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு காலால் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் இங்கியே கெடக்கட்டும். பிரிக்க மாட்டேன்."