உப்புப் பார்க்காத பியரோகி

எனக்குச் சமைக்கத் தெரியாது. அடுக்களையில் சட்டம் பேச மட்டும் நன்றாக வரும்.

என் மனைவி போலந்துக் குடும்பத்துப் பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்கள் வீட்டில் கறி கிடையாது, பியரோகிதான். புளிக்கவைத்த முட்டைக்கோஸையும் காளானையும் வதக்கி, மாவுக்குள் வைத்துக் கொழுக்கட்டை போல மடித்து வேகவைப்பார்கள். வருடாவருடம் செய்துவந்த என் மாமியார் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. அம்மா செய்வது போலவே அப்பாவுக்குச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று மனைவி தவியாய்த் தவித்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஈரோட்டிலிருந்து என் அம்மாவும் அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி பூரணத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதே கரண்டியை வாணலியில் விட்டாள். எனக்குப் பகீரென்றது. ஹாலில் இருந்த அம்மாவுக்குக் கேட்காமல், "அம்மா இருக்கும்போது டேஸ்ட் பண்ணாதே. எச்சில் என்று நினைப்பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கரண்டியைக் கழுவினாள். அதன்பின் எதையும் வாயில் வைக்கவில்லை. பெரிய சண்டையைத் தடுத்துவிட்ட நினைப்பில் நான் டிவி பார்க்கப் போனேன்.

சாயங்காலம் மாமனார் வந்தார். ஒன்றைக் கடித்தவர் மென்றுகொண்டே இருந்தார். நானும் கடித்தேன். பல் கூசும் புளிப்பு, உப்பும் இல்லை.

அம்மா என் பக்கம் குனிந்தார். "ஏண்டா கண்ணு, புள்ள உப்பு பாக்கவே இல்லியா?"

"நீ எச்சில்னு சொல்லுவியோன்னு நான்தான் வேண்டாம்னேன்."

"கிறுக்கா! உள்ளங்கையில துளி வெச்சுப் பாத்தா என்னடா எச்சில்? நான் தெனமும் அப்படித்தான பாக்கறேன்?"

இத்தனை வருடம் அம்மா கையால் சாப்பிட்டவன், ஒரு நாளாவது கவனித்திருந்தால்தானே! வெட்கமாக இருந்தது.

மாமனார் தட்டைப் பார்த்தபடியே, "உன் அம்மா ருசி பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொள்வாள். நீ பார்க்கவில்லையா?" என்று மகளைக் கேட்டார்.

"மறந்துவிட்டேன் அப்பா" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான்தான் தடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா சமைத்த விதத்தை மகள் மறந்துவிட்டாள் என்றுதான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.