ஸ்பேமில் கிடந்த சாமை

கோகிலவாணிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பி.காம். முடித்த கையோடு சங்கராபுரம் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்து, பத்து வருஷம் பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றுக்கும் மனு டைப் அடித்தாள். அதையும் நின்றுகொண்டுதான் அடிப்பாள். கரியாலூரில் மலை விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிக்கு ஆபீஸ் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியது காதில் விழுந்தது. மறுநாளே மலையேறிப் போய், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்க, நானே வரேன்" என்று கேட்டு வேலையை வாங்கிக்கொண்டாள்.

கம்பெனி என்றால் ஒரு ஹால், பின்னால் ஒரு கிடங்கு, ஒரு கம்ப்யூட்டர். இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் பங்கு போட்டது. சாமை, தினை, தேன், புளி விற்பார்கள். தலைவர் இருசம்மாள், சொந்தமாகச் சாமை பயிர் செய்கிறவர், பேச்சு குறைவு. இயக்குநர்களில் வீரமணிதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவார்.

கோகிலவாணி வந்த இரண்டாம் வருஷம் கம்பெனி பெயரிலேயே வெப்சைட்டும் மெயில் முகவரியும் வாங்கினார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அய்யப்பன் அதைச் செய்துகொடுத்தார். அதன் பிறகு விலைப்பட்டியல் மெயிலில் போகும், ஆர்டர் மெயிலில் வரும். நேரில் முகம் பார்க்காத கடைக்காரர்கள்கூட வாங்கினார்கள்.

போன தை மாதம் பொங்கல் கழிந்ததும் பதில்கள் நின்றுபோயின.

அந்த வருஷம் சாமை நல்ல விளைச்சல். சென்னையில் சத்துமாவு தயாரிக்கும் ஒரு நிறுவனம் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேசியிருந்தது. அங்கே கொள்முதல் பார்க்கும் அபிநயா, விலையையும் லேப் ரிப்போர்ட்டையும் மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தாள். கோகிலவாணி அன்றைக்கே அனுப்பினாள். நாலு நாள் கழித்து மறுபடி அனுப்பினாள். விலை அதிகமாகத் தோன்றியிருக்குமோ என்று இருசம்மாளிடம் கேட்டு, கொஞ்சம் குறைத்து மூன்றாம் முறையும் அனுப்பினாள். பதிலே இல்லை. மெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், எழுந்து கிடங்கு வரை போவதும், திரும்பி வந்து மறுபடி திறப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. கடைசியில் போன் போட்டாள்.

"மேடம், நான் கரியாலூர் கோகிலவாணி பேசறேன். விலை பாத்தீங்களா?"

"நீங்க அனுப்பவே இல்லையே? ரெண்டு வாரம் பார்த்துட்டு, நேத்துதான் வேற ஒருத்தருக்கு முடிச்சாங்க," என்றாள் அபிநயா.

"இல்லீங்க மேடம், மூணு வாட்டி அனுப்பினேன். ஸ்பேம்ல கொஞ்சம் பாருங்களேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அச்சச்சோ. மூணும் இங்கதான் கிடக்கு. ஸாரி மேடம். இனிமே இந்த வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

லாட்டரி விழுந்திருக்கிறது, உடனே லோன் தருகிறோம் என்று வரும் குப்பைகளோடு மலைச் சாமையின் லேப் ரிப்போர்ட்டும் கிடந்திருக்கிறது. கோகிலவாணி கிடங்குக் கதவைத் திறந்து, அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். உடனே சாத்திவிட்டாள்.

அன்றைக்கே சோதிக்க ஆரம்பித்தாள். கம்பெனி முகவரியிலிருந்து தன் சொந்த முகவரிக்கு ஒரு மெயில் போட்டாள். ஸ்பேமில் விழுந்தது. தலைப்பை மாற்றினாள். படத்தை எடுத்தாள். ரிப்போர்ட்டை இணைக்காமல் 'வணக்கம்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினாள். வணக்கமும் ஸ்பேமுக்குத்தான் போனது. புருஷன், நாத்தனார், பழைய ஜெராக்ஸ் கடை முதலாளி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து எங்கே விழுந்தது என்று கேட்டாள். யாருக்கும் நேராக வரவில்லை.

வந்த மெயிலின் உள்விவரம் முழுவதையும் காட்டும் வசதி ஒன்று உண்டு என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். திறந்தால் பக்கம் முழுக்கப் புரியாத எழுத்துகள். நடுவில் எஸ்.பி.எஃப். என்ற வரிக்குப் பக்கத்தில் 'தோல்வி' என்று பொருள்படும் வார்த்தை மட்டும் புரிந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சிக்கு இறங்கினாள். வளைவுக்கு வளைவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாம் கரெக்டாதான் கீதுங்க மேடம்," என்றுதான் அய்யப்பன் ஆரம்பித்தார். படத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "அடடா. கார்த்திகைல உங்க மெயில வேற சர்வருக்கு மாத்தினேன். இந்த லைன மாத்த மறந்துட்டேன்."

"இது இன்னாதுங்க?"

"உங்க பேர்ல யார் யாரு மெயில் எடுத்துக்கினு வரலாம்னு எழுதி வைக்கிற லிஸ்ட்டுங்க. லிஸ்ட்ல பழைய சர்வர் பேருதான் கீது. புதுசா போறவன யாருன்னு தெரியாம வெளிய நிக்க வெச்சிட்றாங்க."

அங்கேயே அந்த வரியைத் திருத்தினார். ஒவ்வொரு மெயிலும் கம்பெனியின் கையொப்பத்தோடு போகும்படி இன்னொன்றும் சேர்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆனா கார்த்திகைலயே மாத்தினேன், தையிலதான மோசமா போயிருக்கு? நடுவுல மொத்தமா யாருக்காச்சும் நிறைய அனுப்பினீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் கோகிலவாணி.

அது பொய். மார்கழியில் சென்னையில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் போனபோது, கடைகள், ஹோட்டல்கள், ஏற்றுமதிக்காரர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மெயில் முகவரிகள் உள்ள பட்டியல் அவள் கைக்குக் கிடைத்தது. பொங்கல் வாழ்த்தோடு விலைப்பட்டியலையும் சேர்த்து ஒரே மத்தியானத்தில் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். நானூறுக்கு மேல் 'இப்படி முகவரியே இல்லை' என்று திரும்பி வந்தன. அவற்றை அழித்துவிட்டு, 'ரெண்டாயிரம் கடைக்கு நம்ம பேரு போயிருக்கு' என்று கூட்டத்தில் சொன்னாள். வீரமணி கை தட்டினார். அந்தக் கைதட்டல்தான் அய்யப்பன் கடையில் அவள் வாயை அடைத்தது.

மறுநாள் சோதித்தபோது அவளுடைய சொந்த முகவரிக்கு மெயில் நேராக வந்தது. சென்னைக்காரர்கள் பலருக்கு இன்னும் ஸ்பேம்தான். மீதி அடைப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால், செத்த முகவரிகளுக்கு அனுப்பினால், வாங்கினவர்கள் எரிச்சலில் 'குப்பை' என்று அழுத்தினால், அனுப்பும் முகவரிக்கே கெட்ட பெயர் சேரும் என்று நாலைந்து இடத்தில் படித்துவிட்டாள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. புருஷன் கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்றாள்.

புதன்கிழமை இயக்குநர் கூட்டம். சாமை கைவிட்டுப் போனதைக் கேட்டு வீரமணி கொதித்தார்.

"அந்த அய்யப்பனாலதான் இம்மாம் நஷ்டம். அவன நிறுத்திட்டு வேற ஆளப் பாக்கலாம். ஊரு பூரா சொல்றேன், அவன் கடைக்கு யாரும் போவாதீங்கன்னு."

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். குறிப்பேட்டில் அந்தத் தீர்மானத்தை எழுத வேண்டியவள் கோகிலவாணி. பேனாவைத் திறந்தாள். மூடினாள். எழுந்து நின்றாள்.

"அவர் மேல பாதி தப்புதாங்க. மீதி என்னுது."

அனுப்பியதையும், திரும்பி வந்ததை அழித்ததையும், கேட்டபோது இல்லையென்று சொன்னதையும் சொல்லி முடித்தாள். வீரமணிக்கு, தான் கை தட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இருசம்மாள்தான் கேட்டார். "சரி, ஏன் அவராண்ட பொய் சொன்ன?"

"பயந்தாங்க்கா. வேலைய வுட்டு எடுத்துடுவீங்கன்னு."

"சாமை போனதுகூட எனக்குப் பெரிசில்ல கோகிலா. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்த ஆளு கடைக்குப் பூட்டுப் போட வெச்சிருப்போம். அது நல்லாவா இருக்கும்?" குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளி, "இதுக்கு வழி இன்னா, அத்த சொல்லு," என்றார்.

கோகிலவாணி அங்கிருந்தே அய்யப்பனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார். அது திட்டியதைவிட உறைத்தது. வழியும் அவரே சொன்னார். அந்த இரண்டாயிரம் முகவரிப் பட்டியலை அழித்துவிட வேண்டும். தெரிந்தவர்களுக்கு மட்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு மெயில் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே போன் செய்து, ஸ்பேமில் விழுந்தால் 'இது ஸ்பேம் இல்லை' என்று அழுத்தி ஒரு பதிலும் போடச் சொல்ல வேண்டும். இப்படியே விடாமல் செய்தால் பெயர் மெல்ல மெல்லத் திரும்பும்.

"எத்தினி நாளாவும்?"

"வாரக்கணக்குல ஆவும். அவசரப்பட்டு ஜாஸ்தி அனுப்பினீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்து."

அவளுக்குக் கிடைத்த தண்டனை அதுதான். காலை பத்து மணிக்கெல்லாம் அன்றைய ஆறு மெயிலும் போய்விடும். ஏழாவதை அனுப்பக் கை துடிக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிடங்கில் மூட்டைகளை எண்ணுவாள். ஒருநாள் தாங்காமல் பதினைந்து அனுப்பிவிட்டு, அடுத்த இரண்டு நாள் பயத்தில் ஒன்றுகூட அனுப்பவில்லை. யாருக்கு அனுப்பினாள், எங்கே விழுந்தது, பதில் போட்டார்களா என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாள். முதல் வாரத்தில் பெரும்பாலும் ஸ்பேம். மாசி பாதியில் சரிபாதி. இதற்குள் சாமையை உள்ளூர் வியாபாரியே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரி கிளம்பும்போது கோகிலவாணி வெளியே வரவில்லை.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். புளி விலையை அபிநயாவுக்கு அனுப்பினாள். இந்த முறை வேண்டுமென்றே முன்கூட்டிப் போன் செய்யவில்லை. அனுப்பிய இருபதாவது நிமிஷம் பதில் வந்தது. மெயில் நேராக இன்பாக்ஸிலேயே வந்திருக்கிறது, கொட்டை நீக்கிய புளி எவ்வளவு கிடைக்கும், வியாழனுக்குள் மாதிரி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். கோகிலவாணி அதை மூன்று முறை படித்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இருசம்மாளின் கொல்லைக்கு ஓடினாள்.

இருசம்மாள் புளிய மரத்தடியில் உதிர்த்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சென்னைலேர்ந்து புளி கேக்கறாங்க. கொட்டை எடுத்தது."

"எப்பொ வேணுமாம்?"

"வியாழக்கெழமக்குள்ள மாதிரி."

இருசம்மாள் முந்தானையில் இருந்த பழங்களைக் கூடையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப கொட்டை எடுக்க இன்னிக்கே நாலு பேருக்குச் சொல்லியாவணும். நீ கீழ்த்தெருவப் பாரு, நான் மேலத்தெருவுக்குப் போறேன்."