பார்ப்பம் என்ற மறுப்பும் மைட் பொஸிப்ளி என்ற சம்மதமும்

மழை தூறத் தொடங்கிய பிறகும், பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இட் குட் பொஸிப்ளி ரெய்ன்" என்கிறார். மழை பெய்யக்கூடுமாம், அதுவும் ஒருவேளைதானாம். அவருடைய தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரான மருதமுனையில் ஒருவர் இப்படிச் சொன்னால், தலைக்கு நல்லெண்ணெய் வைக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே பக்கத்தில் நின்ற பெண், "இட் மே வெல்" என்று மிகுந்த யோசனையோடு ஒத்துக்கொண்டார்.

இங்கிலாந்தின் லங்கஷயரில் ஒரு பருத்தி ஆலையில் நான் தறி பார்க்கிறேன். ஊரில் கைத்தறி. இங்கே இயந்திரத் தறி, ஒரு ஆளுக்கு நாலு. வந்த புதிதில் மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, "யூ மைட் பெர்ஹாப்ஸ் லுக் அட் நம்பர் த்ரீ" என்றார். விருப்பமிருந்தால் மூன்றாம் தறியைப் பார்க்கலாம் போலும் என்று எண்ணி, கைவேலையை முடித்துவிட்டு ஆறுதலாகப் போனேன். அதற்குள் பாவு நூல் பாதி அறுந்து கிடந்தது. 'இப்பவே ஓடு' என்பதைத்தான் அந்த மனிதர் அவ்வளவு பூப்போலச் சொல்லியிருக்கிறார். அன்றே இந்தச் சொற்களை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன். குட், மைட், ஷுட், வுட் எல்லாம் ஒரு பக்கம். பெர்ஹாப்ஸ், பொஸிப்ளி, ப்ரொபப்ளி, ரியலி எல்லாம் மறுபக்கம். தனித்தனியே எல்லாம் விளங்குகிறது. இவர்கள் இரண்டை ஒன்றாகக் கட்டிவிடும்போதுதான் தலை சுற்றுகிறது. 'ஷுட் ரியலி' என்றால் செய்தே ஆகவேண்டும். 'வுட் ப்ரொபப்ளி' என்றால் முடிவெடுத்தாயிற்று. கொப்பி நிறைந்தது, புத்தி நிறையவில்லை.

இந்தக் குறைப் புத்தியோடுதான் என் வாழ்க்கையின் பெரிய கேள்வியைக் கேட்கப் போனேன். மனைவி ஸபியாவைப் பிரிந்து வந்து இரண்டு வருடமாகிவிட்டது. அவளை அழைக்க வேண்டுமென்றால் இருவர் தங்க இடம் வேண்டும். எங்கள் கிழக்குக் கரை ஊர்களில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். அதனால் ஸபியா கடிதத்தில் குத்திக்காட்டியிருந்தாள்: "நம்மட பக்கத்துல மாப்பிளதானே பொம்புளட ஊட்டுக்கு வாற. அங்க நான் ஆர்ர ஊட்டுல வந்து ஏறுற?"

நான் குடியிருப்பது மிஸிஸ் ஹார்ட்லி என்ற விதவையின் வீட்டில். மாடியில் பின்னறை ஒன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் வேளையில், அதை எனக்கும் மனைவிக்கும் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "வெல், வீ மைட் பொஸிப்ளி மெனேஜ்" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒருவேளை சமாளிக்கலாமாம். எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. ஒருமுறை வாப்பா, குத்தகைக்கு வயல் கேட்டுச் சம்மாந்துறைக்குப் போனார், நானும் கூடப் போனேன். வயற்காரர் நல்ல தேத்தண்ணி தந்து, "பார்ப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார். திரும்பும் வழியில் வாப்பா, "அவர் ஏலாதெண்டுட்டார்" என்றார். "இன்னொருக்காக் கேட்டுப் பாப்பமே" என்றேன். "சே, மறுகாக் கேட்டா அந்த மனிசனுக்குத்தான் வெக்கம்" என்றார். எங்களில் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதில்லை, மானமுள்ளவன் இரண்டாம் முறை கேட்பதுமில்லை.

நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாடியில் பெயின்ட் மணத்தது. வேறு யாருக்கோ அறையைத் தயார் செய்கிறார் என்று நினைத்து, மனதுக்குள் கோபித்துக்கொண்டேன். நிலக்கரிக் கடைக்கு மேலே, சுவரெல்லாம் ஈரம் ஊறிய ஓர் அறையைப் பேசி முடித்துவிட்டு, சனிக்கிழமை போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

மிஸிஸ் ஹார்ட்லியின் முகம் சிவந்துவிட்டது. "அப்படியானால் உங்கள் மனைவி?" என்று கேட்டார்.

"நீங்கள்தான் முடியாது என்று சொன்னீர்களே."

"நானா? எப்போது வருகிறாள் என்று நீங்கள் சொல்வீர்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்! நீங்கள் வாயே திறக்கவில்லை."

என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். பின்னறைச் சுவருக்கு இளமஞ்சள் பூசியிருந்தது. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டிருந்தார். ஜன்னலோரம் பெரிய கண்ணாடி ஒன்று. "ஷீ மஸ்ட் ஷூர்லி வோன்ட் எ மிரர்" என்றார். தான் காணாத ஒருத்திக்கு என்ன தேவைப்படும் என்று அவர் தனியே இருந்து யோசித்திருக்கிறார். மூன்று வாரமாக இந்தப் பெண்ணையா திட்டினேன் என்று வெட்கமாயிருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. எங்கள் ஊரின் 'பார்ப்பம்' வழக்கத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களே, இங்கு வரப்போகிறவர்களே, வெட்கத்தை விட்டு இரண்டாம் முறையும் கேளுங்கள். மிஸிஸ் ஹார்ட்லி அன்று கேட்காமல் விட்டிருந்தால் ஸபியாவை அந்த ஈரச் சுவருக்குள் அல்லவா கூட்டிவந்திருப்பேன்.

நேற்று அவளுடைய பதில் வந்தது. கப்பல் ஏறும் நாளைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஊர் வீட்டுச் சாவியைப் பற்றி எழுதியிருந்தாள்: "உம்மா, ஊட்டுத் திறப்பைத் தன்னட்டத் தரச் சொல்றா. நான் குடுக்கல்ல. அது என்னோடதான் வரும்." பின்னேரம் மிஸிஸ் ஹார்ட்லி, ஸபியாவுக்கென்று புதிதாக வெட்டிய வாசல் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். அதை மாட்ட மஞ்சள் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். கடிதத்தை மறுபடி வாசித்துவிட்டு, பக்கத்தில் இன்னோர் ஆணியும் அடித்தேன்.